கணினிக்கு முந்தைய அலுவலகம்: தட்டச்சுப்பொறியும் அதன் துணைக் கருவிகளும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தட்டச்சுப்பொறியையும், ஒரு தாளிலிருந்து பல பிரதிகள் எடுக்கும் சைக்ளோஸ்டைல் இயந்திரத்தையும் படத்தில் மட்டுமே பார்த்த இளைஞர்கள் அவற்றைப் பற்றி என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். தமிழ்நாட்டு அரசு அலுவலகம் ஒன்றில் தட்டச்சராகப் பணியில் சேர்ந்தவன் என்ற முறையில், 1970களிலும் 1980களிலும் நடைமுறையில் இருந்தவற்றையே பெரும்பாலும் விடைகளில் சொல்கிறேன். அந்தக் கருவிகள் வெறும் பழைய இரும்பு அல்ல. ஒரு தாள் எத்தனை பேர் கையைக் கடந்து வெளியே போக வேண்டும், எத்தனை பிரதி இருக்க வேண்டும், பிழைக்கு யார் பொறுப்பு என்பதையெல்லாம் அவைதான் தீர்மானித்தன. இதைப் புரிந்துகொண்டால்தான் அந்தக் கால அலுவலகம் புரியும் என்று உறுதியாக நம்புகிறேன்.

கணினி வருவதற்கு முன் ஓர் அலுவலகக் கடிதம் எப்படி உருவாகி வெளியே போனது?

தபாலில் வந்த கடிதம் முதலில் பதிவேட்டில் ஏறி, எண் பெற்று, உரிய உதவியாளரின் மேசைக்கு வரும். அவர் தன்பதிவேட்டில் அதைக் குறித்துக்கொண்டு, கோப்பில் குறிப்பு எழுதி, பதிலுக்கான வரைவைக் கையால் எழுதுவார். வரைவுத் தாளில் இடப்பக்கம் பாதியை வெறுமையாக விடுவது வழக்கம், ஏனென்றால் கண்காணிப்பாளரும் அதற்கு மேலுள்ள அலுவலரும் தங்கள் திருத்தங்களை அந்த இடத்தில்தான் எழுதுவார்கள். ஒப்புதலான வரைவு ஃபேர் காப்பி பிரிவுக்கு, அதாவது தட்டச்சர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும் அறைக்கு வரும். அடித்தல் திருத்தல்களுக்கு இடையே மூன்று பேருடைய கையெழுத்தைப் படித்து, அதிலிருந்து ஒரு சுத்தமான கடிதத்தை எடுப்பது தட்டச்சர் வேலை.

அடித்து முடித்ததும் அது கையொப்பத்துக்குப் போய்விடாது. ஒருவர் வரைவை உரக்கப் படிக்க, மற்றொருவர் தட்டச்சான தாளில் விரல் வைத்துச் சரிபார்ப்பார். இதற்கு ஒப்புநோக்கல் என்று பெயர். எண்களும் தேதிகளும் வரும் இடங்களில் இரண்டு முறை படிப்பார்கள். அதன் பிறகே கையொப்பம், அனுப்புகைப் பிரிவு, உறை, தபால் தலை. கடிதத்தின் அடியில் இடது ஓரத்தில் தட்டச்சரின் முதலெழுத்துகள் சிறியதாக இருக்கும். ஆண்டுகள் கழித்துக் கோப்பைத் திறப்பவர் கூட அந்தத் தாளை யார் அடித்தார் என்று தெரிந்துகொள்ள முடியும். அந்த இரண்டு எழுத்துகளை நாங்கள் மிகவும் மதித்தோம்.

தட்டச்சுப்பொறி எப்படி இயங்கியது?

ஒவ்வொரு விசைக்கும் ஒரு நெம்புகோல், அதன் முனையில் ஓர் எழுத்துக் கம்பி. விசையை அழுத்தினால் கம்பி எழுந்து, மையிட்ட ரிப்பன் வழியாக ரோலரில் சுற்றியிருக்கும் தாளில் அடிக்கும். ஒரு கம்பியின் முனையில் மேலும் கீழுமாக இரண்டு எழுத்துகள் வார்க்கப்பட்டிருக்கும். ஷிப்ட் விசை அழுத்தினால் இயந்திரத்தின் ஒரு பகுதி உயர்ந்தோ தாழ்ந்தோ இரண்டாவது எழுத்தைத் தாளுக்கு நேராகக் கொண்டுவரும்.

அடி விழுந்த உடனே கேரியேஜ், அதாவது ரோலரைத் தாங்கி நகரும் மேற்பகுதி, ஓர் எழுத்து அளவு இடப்பக்கம் நகரும். அதை இழுப்பது உள்ளே சுருட்டப்பட்ட ஒரு வில். ஒரே தாவலில் ஓடிவிடாமல் பல்சக்கரம் ஒன்று தடுத்துத் தடுத்து விடும். எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம்தான், ஆங்கிலத்தின் ‘ஐ’ என்ற ஒல்லி எழுத்துக்கும் ‘டபிள்யூ’ என்ற பருமனான எழுத்துக்கும் வேறுபாடு கிடையாது. பைக்கா எழுத்தானால் அங்குலத்துக்கு 10, எலீட் எழுத்தானால் 12, வரிகள் அங்குலத்துக்கு 6. இந்தக் கணக்கு தெரிந்திருந்தால்தான் ஒரு தலைப்பை நடுவில் நிறுத்தவோ ஒரு அட்டவணைக்குப் பத்தி பிரிக்கவோ முடியும். தலைப்பின் எழுத்துகளை எண்ணி, அதில் பாதியை நடுப்புள்ளியிலிருந்து பேக்ஸ்பேஸ் தட்டிப் பின்னால் போய், அங்கிருந்து அடிக்கத் தொடங்குவோம்.

வரி முடிய ஏழெட்டு எழுத்து இருக்கும்போது மணி ஒலிக்கும். அந்தச் சொல்லை முடிக்கலாமா, இணைப்புக்குறி போட்டு உடைக்கலாமா என்று அந்த நொடியிலேயே முடிவு செய்து, இடக்கையால் நெம்புகோலைத் தள்ளிக் கேரியேஜைத் திருப்புவோம். பழைய இயந்திரங்கள் பலவற்றில் 1 என்ற எண்ணுக்குத் தனி விசை இருக்காது. ஆங்கிலச் சிறிய ‘எல்’ எழுத்தே அதற்குப் பயன்பட்டது. வியப்புக்குறி வேண்டுமென்றால் ஒற்றை மேற்கோள் குறியை அடித்து, பேக்ஸ்பேஸ் தட்டி, அதன் கீழே ஒரு முற்றுப்புள்ளி வைப்போம்.

ஆங்கில எழுத்துகள் ஏன் அப்படிக் கலைந்த வரிசையில் இருக்கின்றன?

அமெரிக்கரான ஷோல்ஸ் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் உருவாக்கிய இயந்திரத்தை ரெமிங்டன் நிறுவனம் 1874-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அந்த வரிசைதான் இன்று கைப்பேசித் திரை வரை தொடர்கிறது. அடுத்தடுத்து வரும் எழுத்துகளின் கம்பிகள் ஒன்றோடொன்று சிக்காமலிருக்கப் பிரித்து வைத்தார்கள் என்பது பரவலான விளக்கம், அதை ஏற்காத ஆய்வாளர்களும் உண்டு. முதல் இயந்திரத்தில் பெரிய எழுத்துகள் மட்டுமே இருந்தன. ஷிப்ட் விசையோடு இரு வகை எழுத்துகளும் வந்தது 1878-இல், ரெமிங்டன் 2 என்ற வகையில்.

இருநூற்று நாற்பத்தேழு எழுத்துகள் கொண்ட தமிழை இத்தனை சிறிய விசைப்பலகையில் எப்படி அடக்கினார்கள்?

இந்தக் கேள்விக்கு விடை சொல்லும்போதெல்லாம் எனக்குப் பெருமிதம் ஏற்படுகிறது. யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் 1886-இல் பிறந்து, மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் பிழைக்கப் போன ஆர். முத்தையா என்பவரே தமிழ்த் தட்டச்சுப்பொறியின் தந்தை என்று போற்றப்படுகிறார். ஆங்கில இயந்திரத்தில் இருக்கும் ஐம்பதுக்கும் குறைவான விசைகளுக்குள் தமிழ் முழுவதையும் கொண்டுவந்தாக வேண்டும் என்பதுதான் அவர் எடுத்துக்கொண்ட சிக்கல். அவர் வகுத்த விசைப்பலகையோடு ஜெர்மனியில் இயந்திரங்கள் செய்யப்பட்டன. அவற்றில் டிரெஸ்டன் நகரத்து சைடல் அண்ட் நௌமன் நிறுவனத்தின் ‘பிஜோ’ என்ற கையடக்க இயந்திரம் பெயர் பெற்றது.

உயிர்மெய் எழுத்துகளை உறுப்பு உறுப்பாகப் பிரித்ததுதான் வழி. ‘கொ’ என்று அடிக்க வேண்டுமானால் கொம்பு, க, கால் என்று மூன்று அடி, தாளில் கண்ணுக்குத் தெரியும் அதே வரிசையில். ஆனால் புள்ளியை எப்படி வைப்பது? எழுத்தை அடித்த உடனே கேரியேஜ் நகர்ந்துவிடுமே. இதற்காகத்தான் நகரா விசைகள் வந்தன. புள்ளி விசையை அழுத்தினால் தாளில் புள்ளி விழும், ஆனால் கேரியேஜ் அசையாது. அடுத்து ‘க’ அடித்தால் அது புள்ளிக்கு நேர் கீழே வந்து அமர்ந்து ‘க்’ ஆகும். ஆக, எழுதும்போது க எழுதிப் புள்ளி வைக்கும் கை, தட்டச்சில் புள்ளி வைத்துவிட்டு க அடிக்கப் பழக வேண்டியிருந்தது. புதிதாகக் கற்பவர்கள் தடுமாறுவது இங்கேதான், பழகிய பிறகு அதை நினைத்துப் பார்ப்பதே இல்லை.

உகர எழுத்துகளுக்கு அப்படி ஒரு பொதுக் குறி இல்லாததால் அவற்றில் பலவற்றுக்கு முழு எழுத்தாகவே இடம் கொடுத்தார்கள். ‘க’ இருக்கும் விசையின் மேலெழுத்து ‘கு’, ‘ம’ விசையில் ‘மு’, ‘ட’ விசையில் ‘டு’, ‘ர’ விசையில் ‘ரு’. விரல் ஒரே இடத்துக்குப் போகிறது, ஷிப்ட் மட்டும் கூடுகிறது. தமிழில் எந்த எழுத்து அடிக்கடி வருகிறது, எந்த விரலுக்கு வலு அதிகம் என்பதையெல்லாம் எண்ணிப் பார்த்து வகுத்த விசைப்பலகை அது என்பது அடித்துப் பழகியவர்களுக்குத் தெரியும்.

1956-இல் தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் வந்த பிறகு அரசு அலுவலகங்களில் தமிழ் இயந்திரங்களின் தேவை படிப்படியாக உயர்ந்தது. 1978-இல் தமிழ்நாடு அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று ஆணையிட்டபோது, ‘ணை, லை, ளை, னை’ முதலியவற்றின் பழைய யானைக்கொம்பு வடிவங்களும், ‘ணா, றா, னா’ முதலியவற்றின் சுழித்த வடிவங்களும் அலுவலக எழுத்திலிருந்து விலகின. பொதுவான கால் குறியையும் ஐகாரக் குறியையும் கொண்டே அவற்றை அடிக்கலாம் என்றானது தட்டச்சர்களுக்கு உண்மையான உதவி.

எந்தெந்த இயந்திரங்கள் புழக்கத்தில் இருந்தன?

ரெமிங்டன், கோத்ரெஜ், பேசிட், ஹால்டா ஆகியவை அலுவலகங்களிலும் பயிற்சி நிலையங்களிலும் பரவலாக இருந்தன. ஒலிவெட்டி, ஒலிம்பியா போன்றவையும் ஆங்காங்கே உண்டு. இந்தியாவிலேயே தயாரான முதல் தட்டச்சுப்பொறியை கோத்ரெஜ் நிறுவனம் 1955-இல் வெளியிட்டது. சென்னைக்கு அருகே ஆவடியில் அவ்வாண்டு நடந்த காங்கிரஸ் மாநாட்டில் அது பார்வைக்கு வைக்கப்பட்டது. பேசிட் நிறுவனத்துக்குச் சென்னைப் பெருங்குடியில் தொழிற்சாலை இருந்தது.

கணக்குப் பிரிவுகளில் கேரியேஜ் மிக நீளமான இயந்திரங்கள் இருக்கும். பத்துப் பன்னிரண்டு பத்திகள் கொண்ட அகலமான ஸ்டேட்மென்ட்களை அவற்றில்தான் அடிக்க முடியும். கேரியேஜ் வலது கோடிக்குப் போகும்போது பக்கத்து மேசையில் இருப்பவர் தன் தண்ணீர்க் குவளையை நகர்த்திக்கொள்ள வேண்டும்.

‘லோயர்’, ‘ஹையர்’ என்று சொல்கிறார்களே, அவை என்ன?

தமிழ்நாட்டில் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் அரசுத் தட்டச்சுத் தேர்வுகளின் இளநிலை, முதுநிலைகளைத்தான் மக்கள் அப்படிச் சொல்கிறார்கள். இளநிலைக்கு நிமிடத்துக்கு 30 சொற்கள், முதுநிலைக்கு 45. ஐந்து அடி சேர்ந்தது ஒரு சொல் என்பது கணக்கு. ஆகவே இளநிலை வேகத்தாளில் 10 நிமிடத்துக்குள் 1,500 அடிகள் விழ வேண்டும். மற்றொரு தாளில் ஒரு கடிதமும் ஓர் அட்டவணையும் வரும். பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் தேர்வு. பயிற்சி நிலையங்களிலிருந்து இயந்திரங்களை வண்டியில் ஏற்றித் தேர்வு மையத்துக்குக் கொண்டுபோய் வரிசையாக வைப்பார்கள். தான் பழகிய இயந்திரம் தனக்குக் கிடைக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளாத மாணவர் இருந்திருக்க மாட்டார்.

பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதிய கையோடு இன்ஸ்டிடியூட்டில், அதாவது தட்டச்சுப் பயிற்சி நிலையத்தில், சேர்வது தமிழ்நாட்டுச் சிற்றூர்களில்கூட வழக்கமாக இருந்தது. ஒரு மணி நேரத்துக்கு ஒரு குழு. முதல் பாடம் நடுவரிசை: ஆங்கிலத்தில் ஏ, எஸ், டி, எப், ஜி, எப் என்று விரல் மாறி விரல், தமிழில் ‘யளனகபக’. பொருளில்லாத இந்த எழுத்துக் கோவையைப் பக்கம் பக்கமாக அடித்த பிறகே மேல்வரிசைக்கு அனுமதி. விசைகளைப் பார்க்கக்கூடாது என்பதற்காகச் சில ஆசிரியர்கள் கைகளின் மேல் அட்டையையோ துணியையோ போர்த்துவார்கள். சுண்டுவிரல்தான் கடைசிவரை படுத்தும். அதற்கு இயல்பிலேயே வலு குறைவு, ஆனால் தாளில் எல்லா எழுத்தும் ஒரே கறுப்பில் விழ வேண்டும்.

அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தட்டச்சர் பணியிடங்களுக்கு இரு மொழியிலும் முதுநிலை முடித்தவர்களுக்கே முதல் முன்னுரிமை. கல்லூரிக்குப் போக வழியில்லாத குடும்பங்களிலிருந்து, அதிலும் குறிப்பாகப் பெண்கள், இந்தச் சான்றிதழ்களைக் கொண்டு அலுவலக வேலைக்கு வந்தார்கள். ஒரு குடும்பத்தில் முதன்முதலாக மாதச் சம்பளம் வாங்கியவர் ஒரு தட்டச்சர் என்பது தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளின் கதை. தெருமுனை இன்ஸ்டிடியூட்டுகள் செய்த இந்தச் சமூகப் பணி போதிய அளவு எழுதப்படவில்லை என்பது என் ஆதங்கம்.

கார்பன் பிரதி எடுப்பது எப்படி?

மேலே கனமான பாண்டு தாள், அதன் கீழே கார்பன் தாள், அதன் கீழே மெல்லிய தாள், மீண்டும் கார்பன், மீண்டும் மெல்லிய தாள் என்று அடுக்க வேண்டும். கார்பனின் பளபளக்கும் மைப்பக்கம் எப்போதும் பிரதி விழும் தாளை நோக்கி இருக்க வேண்டும். அவசரத்தில் ஒன்றைத் திருப்பி வைத்துவிட்டால், பிரதி விழ வேண்டிய தாள் வெறுமையாக இருக்கும், அதற்கு மேலுள்ள தாளின் முதுகில் எழுத்துகள் கண்ணாடிப் பிம்பமாக விழுந்திருக்கும்.

அடுக்கிய கற்றையை மேசையில் இருபுறமும் தட்டிச் சீராக்கி, மேல் விளிம்பில் ஒரு மடித்த தாள் துண்டைத் தொப்பி போல் மாட்டி, ரோலரில் விடுவோம். அந்தத் துண்டு இல்லாவிட்டால் தாள்கள் ஒன்றைவிட ஒன்று வழுக்கி உள்ளே போய்ப் பிரதிகளில் வரிகள் சாய்ந்துவிடும். பாதியளவு உள்ளே போனதும் பிடிப்பு நெம்புகோலைத் தளர்த்தி, கற்றையை ஒருமுறை நேராக்கி, மீண்டும் இறுக்குவோம். ஐந்தாறு பிரதிகள் வரை படிக்க முடியும், அதற்கு மேல் எழுத்து புகைபடிந்தது போலிருக்கும். பிரதி அதிகமானால் விரலும் அதிக வலுவோடு அடிக்க வேண்டும். அப்போது முற்றுப்புள்ளி மேல் தாளைத் துளைத்துவிடும், அதனால் எழுத்துக்கு ஒரு வலு, புள்ளிக்கு ஒரு வலு என்று விரல்கள் தாமாகவே பிரித்துக்கொள்ளும்.

எந்தப் பிரதி யாருக்கு என்பதிலும் ஓர் ஒழுங்கு உண்டு. முதல் தாள் முகவரியாளருக்கு, தெளிவான அடுத்த பிரதிகள் மேலலுவலகங்களுக்கு, மங்கலானது நம் கோப்புக்கு. பழைய கோப்புகளைப் புரட்டும்போது கடிதங்கள் மங்கலாக இருப்பதற்கு இதுதான் காரணம்.

பிழை விழுந்தால் என்ன செய்வார்கள்?

வட்ட வடிவமான சொரசொரப்பு அழிப்பான் ஒன்றும் அதோடு ஒரு சிறு தூரிகையும் ஒவ்வொருவரிடமும் இருக்கும். முதலில் கேரியேஜை ஓரத்துக்கு நகர்த்த வேண்டும், இல்லையென்றால் அழித்த துகள்கள் எழுத்துக் கம்பிகளுக்கிடையே விழுந்து இயந்திரம் சிக்கும். பிறகு ஒவ்வொரு கார்பனுக்கும் பின்னால் ஒரு துண்டுத் தாளைச் செருகிக்கொண்டு, மேல் தாளிலிருந்து கடைசிப் பிரதி வரை ஒவ்வொன்றாக அழித்து, துண்டுகளை உருவிவிட்டு, சரியாக அதே இடத்தில் சரியான எழுத்தை அடிக்க வேண்டும். ஒரு எழுத்துக்கு இவ்வளவு பாடு. வெள்ளை மை பின்னால் வந்தது. அது மேல் தாளை மறைத்ததே தவிர, பிரதிகளுக்கு அழிப்பான் தேவைப்படவே செய்தது.

நீதிமன்றத் தீர்ப்புகளிலும் பத்திரங்களிலும் தொகையும் பெயரும் வரும் இடத்தில் அழித்துத் திருத்தினால் சந்தேகத்துக்கு இடமாகும் என்பதால் முழுப் பக்கத்தையும் மறுபடி அடிப்போம். அடிப்பதற்கு முன்பே வாக்கியத்தை முழுதாகப் படித்துக்கொள்ளும் பழக்கம் எங்களுக்கு இப்படித்தான் வந்தது. எழுதிவிட்டுப் பிறகு திருத்தலாம் என்ற வசதி வந்த பின் வரைவுகள் நீண்டுவிட்டன, ஆனால் தெளிவு கூடவில்லை என்பது என் கணிப்பு.

சைக்ளோஸ்டைல் என்றால் என்ன? நூற்றுக்கணக்கில் பிரதி எடுத்தது எப்படி?

ஹங்கேரியில் பிறந்து லண்டனில் தொழில் நடத்திய டேவிட் ஜெஸ்டட்னர் என்பவர் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வளர்த்தெடுத்த முறை இது. எங்கள் அலுவலகங்களில் இயந்திரத்தை ஜெஸ்டட்னர் என்றும், எடுத்த பிரதியைச் சைக்ளோஸ்டைல் என்றும் சொல்வோம். இலங்கையில் ரோனியோ என்ற பெயரே அதிகம் வழங்கியது.

மெழுகு பூசிய ஸ்டென்சில் தாளைத் தட்டச்சுப்பொறியில் ஏற்றி, ரிப்பன் நெம்புகோலை வெள்ளைக் குறிக்குத் திருப்புவோம். ரிப்பன் இறங்கிக்கொள்ளும், எழுத்துக் கம்பி நேரடியாக மெழுகில் அடித்து எழுத்து வடிவில் மெழுகை விலக்கும். அதற்கு முன் எழுத்துகளைத் தூரிகையால் துடைத்தே ஆக வேண்டும். மை அடைத்த எழுத்து ஸ்டென்சிலைச் சரியாக வெட்டாது. அடிக்கும்போது தாளில் எழுத்து கண்ணுக்குப் பளிச்சென்று தெரியாது, சற்றுச் சாய்ந்து வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். ‘ஓ’ என்ற ஆங்கில எழுத்தை ஓங்கி அடித்தால் நடு வட்டம் கழன்று விழுந்து, பிரதியில் கறுப்புப் பொட்டாக வரும். பிழை விழுந்தால் சிவந்த நிறத் திருத்தத் திரவத்தைத் தடவி, அது காயும்வரை காத்திருந்து, மேலே மெதுவாக அடிப்போம். அந்தத் திரவத்தின் நெடி நகப்பூச்சின் நெடியை ஒத்திருக்கும். அலுவலரின் கையொப்பமும் கோடுகளும் எழுத்தாணி போன்ற கூர்முனைக் கோலால் ஸ்டென்சிலிலேயே போடப்படும்.

முடித்த ஸ்டென்சிலை உருளையில் மாட்டி, பசைக்குழல் போன்ற குழலிலிருந்து மையைப் பிதுக்கி, கைப்பிடியைச் சுற்றினால் மை ஸ்டென்சிலின் வெட்டுகள் வழியாகக் கசிந்து தாளில் பதியும். முதல் சில தாள்கள் வீண். மையை உறிஞ்சும் சொரசொரப்பான தாள்தான் இதற்கு ஏற்றது, வழவழப்பான தாளில் ஒன்றின் மை மற்றொன்றின் முதுகில் ஒட்டும். இந்த வேலையை ஓர் அலுவலக உதவியாளர் தேர்ச்சியோடு செய்வார். மாலையில் அவருடைய விரல்களையும் சட்டைக் கையையும் பார்த்தாலே அன்று எத்தனை சுற்றறிக்கை போனது என்று தெரிந்துவிடும்.

சுற்றறிக்கைகள் மட்டுமல்ல. பள்ளி வினாத்தாள்கள், தொழிற்சங்க அறிக்கைகள், அச்சகத்துக்குப் பணம் கட்ட முடியாத இளைஞர்கள் நடத்திய சிறு இதழ்கள் எல்லாம் இந்த உருளையிலிருந்து வந்தவைதான். ரகசியமான வினாத்தாள் என்றால் வேலை முடிந்ததும் ஸ்டென்சிலைக் கண்முன்னே எரிப்பார்கள். மற்றவற்றை உலர்த்தித் தாளில் ஒற்றி எடுத்து வைத்து மீண்டும் பயன்படுத்துவதும் உண்டு.

ஜெராக்ஸ் இல்லாத காலத்தில் சான்றிதழ் நகலுக்கு என்ன செய்தார்கள்?

மதிப்பெண் சான்றிதழை எடுத்துக்கொண்டு ஜாப் டைப்பிங் கடைக்குப் போவார்கள். அங்கே சான்றிதழில் உள்ள ஒவ்வொரு சொல்லையும் எண்ணையும் அப்படியே தட்டச்சு செய்து, ‘உண்மை நகல்’ என்று அடியில் போட்டுத் தருவார்கள். அசலையும் நகலையும் அரசிதழ்ப் பதிவு பெற்ற அலுவலர் ஒருவரிடம் காட்டி, அவர் ஒப்பிட்டுக் கையொப்பமும் முத்திரையும் இட்டால்தான் அது செல்லும். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு செய்யும் பருவத்தில் இந்தக் கடைகளில் கூட்டம் தாங்காது. சாதாரணத் தாளில் நகலெடுக்கும், உலகின் முதல் வெற்றிகரமான இயந்திரமான ஜெராக்ஸ் 914 வெளிவந்தது 1959-இல் என்றாலும், நம் ஊர்க் கடைவீதிகளுக்கு அது 1980களில்தான் பரவலாக வந்து சேர்ந்தது. நகலுக்கு அலுவலர் கையொப்பம் வாங்கும் வழக்கம் மட்டும் ஜெராக்ஸ் வந்த பிறகும் பல்லாண்டுகள் நீடித்தது.

கணக்குப் போடுவதற்குக் கருவி இருந்ததா?

பெரும்பாலும் மனக்கணக்கும் பென்சிலும்தான். பெரிய அலுவலகங்களில் பேசிட் கைச்சுற்றுக் கணக்கிடும் இயந்திரம் இருந்தது. எண்ணைப் பதித்துக் கைப்பிடியை முன்னால் சுற்றினால் கூட்டும், பின்னால் சுற்றினால் கழிக்கும். பெருக்கல் என்பது திரும்பத் திரும்பக் கூட்டுவதே: 437-ஐ 23-ஆல் பெருக்க, 437-ஐப் பதித்து மூன்று சுற்று, ஓர் இடம் நகர்த்தி இரண்டு சுற்று, விடை 10,051 சாளரத்தில் நிற்கும். மின்சாரம் தேவையில்லை.

சுருக்கெழுத்து எங்கே பயன்பட்டது?

அலுவலர் வாய்மொழியாகச் சொல்வதைச் சுருக்கெழுத்தர் கோடுகளாகவும் வளைவுகளாகவும் குறித்துக்கொண்டு, பிறகு தட்டச்சு செய்வார். ஆங்கிலத்தில் ஐசக் பிட்மன் 1837-இல் வெளியிட்ட முறையே இங்கு வேரூன்றியது. சட்டமன்றமும் நீதிமன்றமும் இதனால்தான் இயங்கின. தன் குறிப்பைத் தானே உடனடியாகப் படித்து அடிப்பது சிறந்தது, நாள்கள் கடந்தால் எழுதியவருக்கே ஐயம் வரும்.

எப்போது இவையெல்லாம் மறையத் தொடங்கின?

ஒரே நாளில் மறையவில்லை. 1980களில் மின்னணுத் தட்டச்சுப்பொறிகள் வந்தன, ஒரு வரியை நினைவில் வைத்துக்கொண்டு பிழையைத் தாமே அழித்துத் தந்தன. வங்கிகளைக் கணினிமயமாக்குவது குறித்து ரங்கராஜன் குழு 1984-இல் அறிக்கை தந்தது. வேலை போய்விடும் என்று ஊழியர் சங்கங்கள் அஞ்சியதில் நியாயம் இருந்தது. பலருக்குப் பணியிடம் மாறியது, புதிய தட்டச்சர்களை எடுப்பது குறைந்தது. 1990களில் பல அலுவலகங்களில் ஒரு கணினி குளிரூட்டப்பட்ட அறையில் பூட்டி வைக்கப்பட்டிருக்க, வெளியே தட்டச்சுப்பொறிகள் வழக்கம்போல் ஓடிக்கொண்டிருந்தன. கோத்ரெஜ் நிறுவனம் தட்டச்சுப்பொறித் தயாரிப்பை 2009-இல் நிறுத்தியது. 2013 ஜூலையில் தந்திச் சேவையும் முடிவுக்கு வந்தது.

இன்றைக்கும் அந்தப் பயிற்சியால் பயன் உண்டா?

உண்டு. பத்து விரலாலும் பாராமல் அடிப்பவர் கணினியிலும் அப்படியே அடிக்கிறார். தமிழ்த் தட்டச்சுப்பொறியின் விசைப்பலகை அமைப்பு கணினிக்கும் வந்தது. இலங்கையிலும் புலம்பெயர்ந்த தமிழரிடையேயும் பரவிய பாமினி எழுத்துரு அந்த மரபைத் தழுவியதுதான். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்இணையம் மாநாட்டையொட்டித் தமிழ்99 விசைப்பலகை வகுக்கப்பட்ட பிறகும், பழைய தட்டச்சர்களுக்காகத் தட்டச்சுப்பொறி விசைப்பலகையும் மென்பொருள்களில் தொடர்ந்து இடம்பெற்று வருகிறது. கணினி ஒவ்வொரு மேசைக்கும் வந்துவிட்ட 2020களிலும், தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தின் தட்டச்சுத் தேர்வை எழுத இளைஞர்கள் இன்ஸ்டிடியூட்டில் இயந்திரத்தின் முன் உட்கார்ந்தார்கள்.

வீட்டில் பழைய இயந்திரம் ஒன்று இருக்கிறது. அதை எப்படிப் பராமரிப்பது?

முதலில் எண்ணெய் ஊற்றாதீர்கள். பலரும் செய்யும் தவறு இதுதான். எழுத்துக் கம்பிகள் அமர்ந்திருக்கும் அரைவட்டப் பள்ளங்களில் எண்ணெய் பட்டால் தூசியோடு சேர்ந்து பிசினாகி, கம்பிகள் எழுந்தால் திரும்பாது. அங்கே தூரிகையால் தூசியைத் தட்டி, சிறிதளவு பெட்ரோலில் நனைத்த தூரிகையால் துடைத்து, உலர விட்டால் போதும். இதைத் திறந்த வெளியில், அடுப்புக்கும் விளக்குக்கும் தொலைவில் செய்ய வேண்டும். எழுத்து முகங்களில் அடைத்திருக்கும் மையைக் கெட்டியான தூரிகையால் எடுங்கள், ஊசியால் குத்தினால் எழுத்தில் கீறல் விழும். கேரியேஜ் ஓடும் தண்டவாளத்தில் மட்டும் தையல் இயந்திர எண்ணெய் ஓரிரு துளி விடலாம்.

ரோலரில் ஒற்றைத் தாளை வைத்து அடிக்காமல் பின்னால் மற்றொரு தாளையும் சேர்த்து வைத்தால் ரப்பரில் பள்ளம் விழாது. ரிப்பன் காய்ந்திருந்தால், அரை அங்குல ரிப்பன் எழுதுபொருள் கடைகள் சிலவற்றிலும் தட்டச்சுப் பயிற்சி நிலையங்கள் வழியாகவும் இன்னும் கிடைக்கிறது. இயந்திரத்தோடு வந்த பழைய சுருளை எறிந்துவிடாமல், புதிய ரிப்பனை அதிலேயே சுற்றிக்கொள்ளுங்கள், ஏனெனில் சுருளின் அளவு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். வில் அறுந்து கேரியேஜ் நகராமல் நின்றுவிட்டால் நீங்களே திறக்க வேண்டாம். அருகிலுள்ள இன்ஸ்டிடியூட்டில் கேட்டால், அவர்களுடைய இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் மெக்கானிக்கின் விவரத்தைத் தருவார்கள்.